புகையைத் தாரை வார்த்த ஊர்

2012ஆம் ஆண்டு மே மாதம் நான்காம் நாள், வெள்ளிக்கிழமை, அக்கினி நட்சத்திரம் தொடங்கிய அன்று, சங்குவிளையின் வானத்தில் மேகம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. விடிந்தது முதல் காற்று அசையவில்லை. மின்சாரம் வழக்கம்போல் காலையிலேயே நின்றுபோயிருந்தது. உப்பளத்து வரப்புகளில் கால் வைத்த பெண்கள், மேலே காய்வது போதாதென்று கீழேயும் யாரோ அடுப்பு மூட்டியிருப்பதாகப் பேசிக்கொண்டார்கள். அந்த உச்சிவேளையில், தவசிமுத்து முதலாளி சிப்பி சுடும் சுண்ணாம்புக் காளவாசலிலிருந்து எழுந்த புகை, பனைமர உயரத்துக்குப் போய், வீட்டில் எதையோ மறந்து வைத்துவிட்டு வந்தவர் தெருமுனையில் நிற்பதைப் போலச் சற்று நின்று, திரும்பிக் கீழே இறங்கியது. இறங்கிய புகை, கடைத்தெரு வழியாக, சைக்கிள்காரர்களுக்கு ஒதுங்கி வழிவிட்டு, முதலாளியின் வீட்டை அடைந்து, மதிய உணவுக்கு அமர்ந்திருந்த அவருடைய தலைக்கு மேல் ஒரு முழ உயரத்தில் நிலைகொண்டது.

அவர் அண்ணாந்து பார்த்தார்.

"எவம்லே கதவத் தெறந்து போட்டது?" என்று கேட்டார். பிறகு ரசம் ஊற்றச் சொன்னார்.

பொழுது சாய்வதற்குள் சங்குவிளையின் புகை முழுவதும் தனக்குரியவரைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டது. ஐஸ் கம்பெனி ஜெனரேட்டரின் டீசல் புகை அதன் உரிமையாளரிடமும், மோட்டார் சைக்கிள்களின் புகை அவற்றை ஓட்டியவர்களிடமும், விறகடுப்பின் புகை அதில் உலை வைத்தவர்களிடமும் வந்து நின்றன. மின்சாரத்துக்காக எங்கோ எரிக்கப்பட்ட நிலக்கரியின் புகை மறுநாள் வந்தது. மீட்டர் பார்க்க வருபவரைப் போல அது வீடு வீடாக நின்று, ஏ.சி. வைத்திருந்த வீடுகளில் நெடுநேரம் தங்கி, ஒற்றைக் குண்டு பல்பு எரிந்த வீடுகளில் வாசலோடு திரும்பியது. அதன் பின்னர்ப் பழைய புகை வரத் தொடங்கியது. சென்ற ஆண்டின் புகை, அதற்கு முந்தைய ஆண்டின் புகை, எரித்தவர்களே மறந்துபோன புகை, உலகத்தைப் பலமுறை சுற்றிக் களைத்து, கடல் பக்கமிருந்து கூட்டம் கூட்டமாகக் கரையேறியது. தவசிமுத்துவின் தகப்பனார் காலத்துப் புகையும் சொத்தோடு சொத்தாக மகனையே சேர்ந்ததால், அந்த மாத இறுதியில் அவருடைய தலைக்கு மேல் நின்றது ஒரு தெருவையே மூடும் அளவுக்கு அகன்றிருந்தது.

ஊர் இதைப் பெரிதுபடுத்தவில்லை. கோடையில் இப்படி ஏதாவது நேர்வது இயல்பு என்றார்கள். முதல் சில வாரங்களில் புகை பெருமைக்குரிய பொருளாகவும் இருந்தது. திருமணத் தரகர்கள், "மாப்பிள்ள வீட்டுக்குத் தெருவ மறைக்கப் புகை உண்டு" என்று சொல்லிச் சம்பந்தம் பேசினார்கள். உப்பளத் தொழிலாளர்களின் தலைக்கு மேல் கைக்குட்டை அளவுக்கே புகை இருந்ததைக் கண்டவர்கள், அடுப்பில் புகை இல்லாத வீட்டில் என்ன சமையல் நடந்திருக்கப்போகிறது என்று இரக்கப்பட்டார்கள். பந்தல் போடும் செலவு மிச்சம் என்று தவசிமுத்துவைக் காதுகுத்து வீடுகளுக்கு அழைத்துப்போய் வாசலில் நிற்கவைத்தார்கள். அப்போதுதான் அந்த நிழலின் குணம் தெரிந்தது. அது கண்ணுக்கு நிழலாகத் தோன்றியதே தவிர, குளிரவில்லை. பகலில் வாங்கிய வெப்பத்தை மாலையிலும் விடாமல் கம்பளியைப் போலப் போர்த்திப் பிடித்துக்கொண்டது. காதுகுத்து வீட்டில் பாயசம் திரிந்தது. டீக்கடையில் பேச்சு மாறியது.

"அண்ணாச்சி, சித்த தள்ளி நில்லுங்க. ஒங்க நெழல்ல என் டீ ஆறவே மாட்டேங்கு."

"ஒம் பைக்குப் புகைய நீ மொதல்ல கட்டி வையும் வே. அது என் வெத்தலைய வாட்டுது."

எரிப்பதைக் குறைக்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை என்றால் அது பொய்யாகும். பஞ்சாயத்துக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து அதைச் சொன்னார். அவருக்கு ஒரு காபி கொடுத்து உட்காரவைத்தார்கள். மற்றவர்கள் செய்யத்தக்கதைச் செய்தார்கள். சிலர் பெரிய மின்விசிறிகளை வாங்கி, அவற்றை ஓட்ட ஜெனரேட்டர்களையும் வாங்கி, புகையைப் பக்கத்துத் தெருவுக்குத் தள்ளிப் பார்த்தார்கள். அது போன வேகத்தில், ஜெனரேட்டரின் புதுப் புகையையும் அழைத்துக்கொண்டு திரும்பியது. சிலர் திருச்செந்தூருக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டார்கள். முடி போனபின் புகை முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

வழியைக் கண்டது தற்செயலாகத்தான். தவசிமுத்துவுக்குச் சனி சரியில்லை என்று கோயில் பட்டர் சொன்னதால், அவர் ஊர் ஊராகச் சுற்றும் ஒரு பண்டாரத்தை அழைத்து, நீர் வார்த்து, தடியங்காய் எனப்படும் வெள்ளைப் பூசணி ஒன்றைத் தானம் கொடுத்தார். தானம் கொடுப்பவருடைய தோஷம் வாங்குபவரைச் சேரும் என்பது சங்குவிளையில் குழந்தைக்கும் தெரிந்த செய்தி. அதை நம்பித்தான் அந்த ஊரில் யாரும் யாருக்கும் எதையும் கொடுத்து வந்தார்கள். பண்டாரத்தின் கையில் நீர் விழுந்ததும், முதலாளியின் புகையிலிருந்து தடியங்காய் அளவுக்கு ஒரு துண்டு பிய்ந்து, மிதந்து போய்ப் பண்டாரத்தின் தலைக்கு மேல் நின்றது. பட்டர் பார்த்தார். முதலாளி பார்த்தார். பண்டாரம் காயைத் தோளில் வைத்துக்கொண்டு, தன் புகையுடன் மெல்ல நடந்து போனார்.

அடுத்த வாரத்தில் சங்குவிளையைப் போல ஈகை மிகுந்த ஊர் அந்த வட்டாரத்தில் இல்லை. பூசணிக்காயும் எள்ளும் பழைய வேட்டியும் பெற்ற பண்டாரங்கள் கரும்புகை சூழத் திரும்பினார்கள். செய்தி பரவியதும் ஒருவரும் அந்தப் பக்கம் வரவில்லை. அதன் பிறகு கொடுப்பவர்களின் பார்வை, கடலோரத்து உப்பளக் குடியிருப்பின் மீது விழுந்தது.

அந்தக் குடியிருப்பில் வேலுத்தாய் என்பவர் இருந்தார். கணவரை இழந்தவர், உப்பு வாரியே மகன் சுடலைமுத்துவை வளர்த்தவர். மகன் மஸ்கட்டில் கொத்தனாராக இருந்தான். அவனுடைய மனைவி செல்வக்கனி தாயில்லாப் பெண்ணாதலால், தலைப்பிரசவத்தைப் பார்க்கும் பொறுப்பு மாமியாரைச் சேர்ந்தது. அதில் அவருக்கு ஒரு கவலை இருந்தது. சில ஆண்டுகளாக அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் தன் எல்லையைத் தாண்டி வந்து, குடிசைகளுக்குள் கணுக்கால் அளவு நின்று, அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பியது. முந்தைய ஆண்டு, பக்கத்துக் குடிசையில் பிறந்த குழந்தை, நீர் நின்ற வீட்டில் குளிர் கண்டு, பெயர் வைக்கும் முன்னரே இறந்துபோயிற்று. தன் பேரப்பிள்ளை காய்ந்த தரையில் பிறக்க வேண்டும். வேலுத்தாய் தெய்வத்திடம் வேறு எதையும் கேட்பதை விட்டிருந்தார்.

ஆனி மாதக் கடைசியில் தவசிமுத்து தம் காரை உப்பளத்தின் ஓரம் நிறுத்தி இறங்கினார். பாத்திகளின் மேல் இருள் படர்ந்தது.

"மொதலாளி, பாத்தி மேல நிக்காதிய. உப்பு பூக்காது" என்று ஒருத்தி கத்தினாள்.

அவர் வரப்பை விட்டுத் தள்ளி நின்று வேலுத்தாயை அழைத்தார்.

"மேட்டுத்தெருவுல நம்ம கல்வீடு ஒண்ணு சும்மாதான் கெடக்கு. மருமவளக் கூட்டிட்டு வந்து இரி. கடல் அங்கன எட்டாது."

"சும்மா கெடக்க வீட்டச் சும்மா தருவியளா, மொதலாளி?"

அவர் விரலை மட்டும் உயர்த்தி மேலே காட்டினார். வேலுத்தாய் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார்.

"அம்புட்டுமா?"

"நீ வெயில்லயே வெந்தவ. ஒனக்கு இது ஒரு பாரமா?"

செல்வக்கனிக்கு இது பிடிக்கவில்லை. "யத்த, வேண்டாம் யத்த. கட்டில இன்னும் ரெண்டு கல்லு ஒசத்திப் போட்டாப் போச்சு."

"ஒசத்தி ஒசத்தி வானத்துலயா போயிப் பெறப்போற? பேசாம கெட. சுமக்கப்போறது நானு. நாஞ் செத்தா அதுவும் எங்கூடப் போவுது."

ஆடி அமாவாசையன்று கடற்கரையில் தானம் நடந்தது. ஊர் கூடியிருந்தது. பட்டர் இதற்கென்று சுருக்கமான ஒரு வாசகத்தை வைத்திருந்தார்: இந்தப் புகையை இன்னாருக்குத் தந்தேன். அவ்வளவுதான். பண்டாரங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. வேலுத்தாய்க்கும் அது போதுமானதாகவே இருந்திருக்கும். அவருடைய ஆயுளோடு அந்தப் புகையும் முடிந்திருக்கும்.

வேலுத்தாய் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"அம்புட்டுத்தானா, சாமி?"

"வேற என்னம்மா?"

"இவிய அப்பா, பெரிய மொதலாளி, கோயிலுக்குத் தோட்டம் குடுத்தப்ப நான் சின்னப் புள்ள. மதிலுக்கு வெளிய நின்னு கேட்டேன். எம்புட்டு நீளமாச் சொன்னிய! எங்க சனத்துக்கு இதுவரைக்கும் எதையும் கையில குடுத்ததில்ல, சாமி. தரையில வைப்பாவ, முந்தியில எறிவாவ. இன்னைக்கு மொத மொதலா தண்ணி ஊத்தித் தாறிய. தாறத மொறையாத் தாங்க. தோட்டத்துக்குச் சொன்னதச் சொல்லுங்க."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அது பாராட்டாகவே இருந்தது. பட்டர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி கடலைப் பார்த்தார்.

"அவ கேக்கால்லா? சொல்லும், சாமி" என்றார்.

பட்டர் சொன்னார். நிலத்தையும் நீரையும் மரத்தையும் தானம் கொடுப்பதற்காக முன்னோர் வகுத்த அந்த நெடிய வாசகத்தை, ஒரு சொல்லும் பிசகாமல், கணீரென்று சொன்னார்: உள்ளதும் இனி உண்டாவதும் ஆகிய யாவற்றையும், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வழிவழியாக, சந்திரனும் சூரியனும் உள்ளவரை அனுபவித்துக்கொள்ளும்படி தந்தேன். தவசிமுத்து செம்பைச் சாய்த்தார். வேலுத்தாய் இரு கைகளையும் சேர்த்து, தலையை நிமிர்த்தி, அந்த நீரை ஏற்றார். வாழ்நாளில் அதுபோல் ஒருநாள் அவருக்கு வாய்த்ததில்லை. புகை பெருமூச்சு விடுவதைப் போல ஓர் ஓசையுடன் இடம்பெயர்ந்தது, தவசிமுத்துவின் வழுக்கைத் தலையில் பல வாரங்களுக்குப் பிறகு வெயில் விழுந்தது, அவர் தும்மினார்.

மேட்டுத்தெருவின் கல்வீடு காய்ந்திருந்தது. அது முதல் மகிழ்ச்சி. அதுவே கடைசி மகிழ்ச்சியாகவும் இருந்தது. புகையின் கீழ் அந்த வீட்டின் சுவர்கள் ஆறவில்லை. பானைத் தண்ணீர் குளிரவில்லை. முற்றத்து வேம்பு ஆவணியில் பூத்து, பூத்த மறுநாளே கருகியது. மருமகளுக்கு வெக்கை தட்டக் கூடாது என்று வேலுத்தாய் வீட்டுக்குள் நுழைவதையே விட்டு, தெருக்கோடியில் ஒரு புளியமரத்தடியில் இருந்துகொண்டு, சமைத்ததைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தனுப்பினார். உப்பளத்தில் அவரை வேலைக்குச் சேர்க்கவில்லை. அவர் நின்ற பாத்தியில் உப்பு பூக்க மறுத்தது.

காளவாசலின் புதிய புகை இப்போது முதலாளியின் வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், நேராக மேட்டுத்தெருவுக்குப் போயிற்று. இனி உண்டாவதும் என்றுதானே வாசகம். இதைக் கண்ட தவசிமுத்து இரண்டாவது காளவாசல் கட்டினார். ஐஸ் கம்பெனிக்காரர் கூடுதலாக ஒரு ஜெனரேட்டர் வாங்கினார். குடியிருப்பின் மற்றக் குடும்பங்களுக்கும் மேட்டில் ஆளுக்கோர் ஓலைக்கொட்டகை கிடைத்தது. அவர்களுடைய தலைகளிலும் ஊரின் புகை ஏறியது. வேலுத்தாய்க்குக் குறைந்தவர்களாகத் தங்களை நடத்தக் கூடாது என்று எல்லாரும் நெடிய வாசகத்தையே கேட்டு வாங்கினார்கள்.

ஆவணி நடுவில் மஸ்கட்டிலிருந்து சுடலைமுத்து தொலைபேசியில் பேசினான்.

"யம்மா, நீ யார்ட்டயாச்சும் எதையாச்சும் வாங்குனியா?"

"ஏம்லே?"

"ஆடி அமாவாசையில இருந்து எந்தலைக்கு மேல ஒண்ணு நிக்கி. இங்கயே தீயாட்டம் அடிக்கி வெயில். எங்கூட வேல செய்யுதவனுவ எம் பக்கத்துல நிக்க மாட்டேங்கானுவ. நம்ம ஊருச் சுண்ணாம்பு நாத்தம் அடிக்கும்மா."

வேலுத்தாய், பட்டர் சொன்ன வாசகத்தை முதலிலிருந்து மெல்லச் சொல்லிப் பார்த்தார். பிள்ளைகளும் என்ற இடத்தில் மகன் இருந்தான். அடுத்த சொல்லில் யார் இருக்கிறார் என்று அவருக்குத் தெரிந்தது.

அவர் முதலாளி வீட்டுக்குப் போனார். வாசலிலேயே நிறுத்தினார்கள், முற்றத்தில் கட்டியிருந்த சாமியானா துணி கருகிவிடும் என்றார்கள். முதலாளியே வெளியே வந்தார்.

"வீட்ட எடுத்துக்கிடுங்க, மொதலாளி. இத நீங்க எடுத்துக்கிடுங்க. வேண்டாம், எல்லாத்தையும் எடுக்க வேண்டாம், பொறக்கப்போற பிஞ்சுக்கு மட்டும் இல்லாம ஆக்கிட்டாப் போதும். மிச்சத்த நாஞ் சொமக்கேன்."

"தானம் குடுத்ததத் திருப்பி வாங்குதவன் புழுவாப் பொறப்பான்னு சாஸ்திரம் இருக்கு. என்னப் புழுவாக்கப் பாக்கியா? நானா அந்த நீளத்துக்குச் சொல்லச் சொன்னேன்? நீதான கேட்ட?"

அது உண்மையாகையால் வேலுத்தாய் திரும்பிப் போனார். கோயில் வாசலில் பட்டர், ஏற்றவர் இன்னொருவருக்கு நீர் வார்த்துக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றும், அதற்குத் தம்மை அழைக்க வேண்டாம் என்றும் சொன்னார். வேலுத்தாய் ஓலைக்கொட்டகைகளுக்குப் போய், கூட உப்பு வாரிய மாரிக்கனியின் முன் நின்றார். அவர் கேட்கும் முன்னரே மாரிக்கனி அண்ணாந்து காட்டினாள்.

"எந்தலையில எடம் எங்க இருக்கு, மைனி? ஐஸ் கம்பெனிய மொத்தமா ஏத்தியாச்சு. இருந்தா ஒனக்குத் தரமாட்டனா?"

புரட்டாசியில் ஒருநாள் காலை செல்வக்கனிக்கு வலி கண்டது. கிராமச் செவிலியர் வந்து உள்ளே போனார். வெளியே தெருக்கோடியில் வேலுத்தாய் எழுந்து நின்று, வீட்டையும் மேலே இருந்ததையும் மாறி மாறிப் பார்த்தார். பித்தளைச் செம்பை எடுத்துக்கொண்டு, மேட்டிலிருந்து இறங்கி, ஒரு கரிய மலையை இழுத்துப்போவதைப் போல ஊரைக் கடந்து கடற்கரைக்கு ஓடினார். யாரிடம் கொடுத்தாலும் அவர்களுடைய பிள்ளைகளிடம் போய்ச் சேரும். பிள்ளை இல்லாத ஒருவரிடம் கொடுத்தால் அங்கேயே முடிந்துவிடும். கடலுக்கு ஏது பிள்ளை, ஏது குட்டி?

இடுப்பளவு நீரில் நின்று செம்பை உயர்த்தினார்.

"யம்மா, கடலம்மா. எங்க குடிசைக்குள்ள வந்து வந்து போன. ஒன்ன ஒருநாளும் நான் ஏசுனதில்ல. இத வாங்கிக்கோ. ஒங் குளிர்ச்சிக்கு இது ஒரு தூசி."

பிறகு நெடிய வாசகத்தைச் சொன்னார். ஒரு சொல்லையும் விடவில்லை, விட அஞ்சினார். செம்பைச் சாய்த்தபோது, சுற்றிலும் நீர் அடங்கிக் கிடக்க, ஓர் அலை மட்டும் எழுந்து, குவித்த இரு கைகளைப் போல விரிந்து, விழுந்த நீரை ஏந்தியது. புகை முழுவதும் குனிந்து கடலுக்குள் இறங்கியது. பழுக்கக் காய்ச்சிய வாளைத் தண்ணீரில் தோய்ப்பதைப் போல நெடுநேரம் ஓசை கேட்டது.

அவர் வீட்டுக்கு வந்தபோது குழந்தை பிறந்து அழுதுகொண்டிருந்தது. பெண் குழந்தை. வேலுத்தாய் வாசலைக் கடந்து, ஆடி மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக அந்த அறைக்குள் நுழைந்து, குழந்தையின் முகத்தைப் பார்க்கும் முன் அதன் தலைக்கு மேல் பார்த்தார். ஓட்டுச் சரிவும் ஒரு பல்லியும் தவிர அங்கே எதுவும் இல்லை.

"என்ன யத்த, புள்ளையப் பாக்காம மோட்டப் பாக்கிய?" என்று செல்வக்கனி கேட்டாள்.

வேலுத்தாய் சிரித்தார், சிரிப்பை நிறுத்த முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மாலையில் மகன் பேசி, தன் தலைக்கு மேல் வானம் வெளுத்துவிட்டதாகச் சொன்னான்.

மறுநாள் விடிந்தபோது சங்குவிளை முழுவதும் செம்புகளுடன் கடற்கரையில் நின்றது. கொட்டகைக்காரர்கள் தங்கள் தலையில் ஏற்றப்பட்டதை வார்த்தார்கள். கடைக்காரர்கள் புதிதாகச் சேர்ந்ததை வார்த்தார்கள். தவசிமுத்து, இனி இடையில் ஆள் வேண்டாம் என்று, கட்டிய காளவாசல்களின் புகையையும் கட்டப்போகும் காளவாசல்களின் புகையையும் ஒரே செம்பில் வார்த்தார். கடல் ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை. ஊர் நன்றியோடு தேங்காய் உடைத்தது. வானம் தெளிந்து நீலமாக இருந்தது. அதை நிழற்படம் எடுத்துப் பஞ்சாயத்து அலுவலகத்தில் மாட்டினார்கள். அதன் பிறகு அந்த ஊரில் எதை எரிப்பதற்கும் எவரும் தயங்கவில்லை.

கடலுக்குப் பிள்ளைகள் உண்டு என்பதை முதலில் அறிந்தவர்கள் சிப்பி அள்ளுபவர்கள். அள்ளிவந்த சிப்பி நகத்தைப் போல மெலிந்து, கைப்பிடிக்குள் நொறுங்கியது. சங்கு, ஊதினால் ஒலிக்கும் முன் பிளந்தது. குளிர் தேடிய மீன் கூட்டம் கூட்டமாகத் தெற்கே போயிற்று. போக இயலாதவை வெதுவெதுப்பான நீரில் வயிறு தெரிய மிதந்தன. சூடேறிய எதுவும் பொங்கும் என்பது பால் காய்ச்சும் எவருக்கும் தெரியும், கடலும் பொங்கியது. ஆர்ப்பாட்டமாக வரவில்லை. சில நாள் தங்கிப்போக வந்த உறவினர் மெல்ல மெல்லப் பெட்டியைப் பிரிப்பதைப் போல, உப்பளத்தில் நுழைந்தது; குடியிருப்பு இருந்த இடத்தைத் தனதாக்கிக்கொண்டது; கடைத்தெருவுக்கு வந்தது; மேட்டுத்தெருவின் படிகளில் ஏறியது.

கோயில் மண்டபத்தில், முழங்கால் நீரில் நாற்காலிகளைப் போட்டு, ஊர் கூடியது. முதலில் ஊற்றியது யார் என்று ஒருவர் கேட்டார். எல்லாருக்கும் விடை தெரிந்திருந்தது. வேலுத்தாயை அழைத்துவந்தார்கள், அவர் பேத்தியை இடுப்பில் வைத்திருந்தார்.

"நாங்க ஊத்துனமுன்னா, இவ ஊத்துனதப் பாத்துத்தான ஊத்துனோம்?" என்றார் ஐஸ் கம்பெனிக்காரர்.

"நான் இவகிட்டக் குடுத்தேன்" என்றார் தவசிமுத்து. "தானமா வாங்குன பொருள வச்சிக் காப்பாத்தணும். கொண்டுபோயிக் கடல்ல கொட்டவா குடுத்தேன்?"

"இந்தப் பச்சப் புள்ள தலையில அது இருந்திருந்தா ஒங்களுக்குச் சரியா இருந்திருக்குமா, மொதலாளி?"

தவசிமுத்து அந்தக் குழந்தையைச் சற்று நேரம் பார்த்தார். அவர் கொடியவர் என்று ஊரில் எவரும் சொன்னதில்லை. அன்றும் கோபமின்றி, தெரிந்த கணக்கைச் சொல்பவரைப் போலவே சொன்னார்.

"அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காத்தான நடந்துக்கிட்டு இருந்துது?"

மண்டபத்தில் பலர் தலையசைத்தார்கள். தலையசைத்தவர்களில் மாரிக்கனியும் ஒருத்தி.

2014ஆம் ஆண்டு ஐப்பசியில் உப்பளங்கள் முழுவதும் இனி மீளாதபடி நீருக்குள் போயின. அதற்கடுத்த ஆண்டு மேட்டுத்தெரு காலியாயிற்று. ஊர் மேற்கே தேரிக்காட்டுச் செம்மணலில் புதிதாகக் குடியமர்ந்தது. அங்கே மனை பெற்றவர்களின் வரிசையில் வேலுத்தாயின் குடும்பத்துக்கு இடமளிப்பதில்லை என்று ஊர்க்கூட்டம் முடிவு செய்தது. அவர்கள் கோவில்பட்டியில் வாடகைக்கு ஓர் அறை எடுத்துக்கொண்டார்கள். சுடலைமுத்து மஸ்கட்டிலிருந்து திரும்பி, அங்கே கட்டட வேலைக்குப் போனான். செல்வக்கனி ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் சேர்ந்தாள். வேலுத்தாய் 2019ஆம் ஆண்டு சித்திரையில், ஒரு பகல் வேளையில், வெப்பம் தாக்கி இறந்தார். பேத்தி முத்தரசி பள்ளியில் படிக்கிறாள். கடலைப் பார்த்த நினைவு அவளுக்கு இல்லை. தவசிமுத்து, சிப்பி கிடைக்காமையால், லாரிகளில் சுண்ணாம்புக்கல் வரவழைத்து, தேரிக்காட்டில் நான்கு காளவாசல்கள் நடத்துகிறார். அவற்றின் புகை இன்றும் தவறாமல் கிழக்கு நோக்கிப் போகிறது. அந்த வட்டாரத்தில் வெக்கை தாங்க முடியாத நாளை மக்கள் 'வேலுத்தாய் வெக்கை' என்று சொல்கிறார்கள். தவசிமுத்துவின் பெயர், அவர் கட்டிக்கொடுத்த பேருந்து நிழற்குடையில் பொறிக்கப்பட்டிருக்கிறது.